டெபியன் 12: ஸ்பீக்கர் பாடுகிறது, மைக்கை மட்டும் காணோம் [தீர்ந்தது]

மாம்பலத்தான்:

வணக்கம். அம்மா வீணை ஆசிரியை. மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே வகுப்பு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில். அதற்காக ஒரு பழைய லேப்டாப் வாங்கினோம். இன்டெல் 11ஆவது தலைமுறை. விற்ற கடையிலேயே டெபியன் 11 என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார்கள், நான் அதை 12க்கு ஏற்றினேன். டெஸ்க்டாப் க்னோம்.

ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கிறது. ஆனால் லேப்டாப்புக்குள் இருக்கும் மைக் எங்குமே தெரியவில்லை. செட்டிங்ஸில் இன்புட் பட்டியல் காலி. நாலு வளையம் உள்ள ஹெட்செட்டை மாட்டினால் அதன் மைக் வருகிறது, கழற்றினால் மறுபடி காலி. விண்டோஸ் இருந்தபோது உள் மைக் நன்றாக வேலை செய்தது என்கிறார் விற்றவர். மைக் போய்விட்டதா, லினக்ஸுக்குத்தான் தெரியவில்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வேகவிரல்:

ஒலியைக் கவனிக்கும் பல்ஸ்ஆடியோ நிரலை பர்ஜ் செய்துவிட்டு, அதாவது அடியோடு நீக்கிவிட்டு, திரும்பப் போடுங்கள். அப்படியே உங்கள் பெயரை ‘ஆடியோ’ குழுவிலும் சேர்த்துவிடுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

டெபியன்தாத்தா:

தம்பி மாம்பலத்தான், மேலே சொன்ன இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம்.

முதலாவது: டெபியன் 12 க்னோமில் ஒலியைக் கவனிப்பது பைப்வயர். பல்ஸ்ஆடியோவைத் தூக்கிப் போட்டு எதுவும் ஆகப்போவதில்லை. அதோடு, பர்ஜ் செய்யும்போது ‘இவற்றையும் நீக்கட்டுமா’ என்று, நிரல்களை நிறுவி நீக்கும் ஏப்ட் ஒரு பட்டியல் காட்டும். அதைப் படிக்காமல் ஒய் தட்டி டெஸ்க்டாப்பையே இழந்தவர்கள் நிறைய. இரண்டாவது: ஆடியோ குழு ஒரு காலத்தில் தேவைப்பட்டது. இப்போது லாகின் செய்தவருக்கு ஒலிக்கருவியை சிஸ்டம்டியே திறந்து விடுகிறது. குழுவில் சேர்த்தால், ஒரே கணினியை இருவர் கணக்கு மாற்றிப் பயன்படுத்தும்போது ஒருவருடைய நிரல் இன்னொருவருக்கு விடாமல் கருவியைப் பிடித்துக்கொள்ளும்.

சத்தத்தின் வழியில் அடியில் இருப்பது சிப்பும், அதற்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்ற நிரலும். அதன் மேலே லினக்ஸின் மையமான கெர்னலில், ஒலி டிரைவர்கள் அடங்கிய ஆல்சா. அதற்கும் மேலே பைப்வயர், வயர்பிளம்பர். உச்சியில் பிரவுசரோ ஜூமோ. எப்போதும் அடியிலிருந்து மேலே வாருங்கள். ஆல்சாவுக்கே தெரியாத மைக்கை பைப்வயரில் தேடி என்ன பயன்?

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ‘எல்எஸ்பிசிஐ -கே’ கொடுத்து, ஆடியோ சாதனத்துக்குக் கீழே எந்த டிரைவர் ஓடுவதாகக் காட்டுகிறது என்று பாருங்கள். ‘ஏரெகார்ட் -எல்’ கொடுத்து, பதிவு செய்யக்கூடிய கருவிகள் எவை என்று பாருங்கள். ஈடிசி அடைவுக்குள் மாட்ப்ரோப்.டி என்று ஒரு அடைவு உண்டு. அதில் ‘டிஎஸ்பி_டிரைவர்’ என்ற சொல் எந்தக் கோப்பிலாவது இருக்கிறதா என்று கிரெப் கட்டளையால் தேடுங்கள்.

மாம்பலத்தான்:

நன்றி சார். பார்த்தேன்.

டிரைவர்: எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல்.
ஏரெகார்ட்: ஒரே ஒரு கருவி. ‘எச்டிஏ இன்டெல் பிசிஎச்’, அதற்குள் ‘ஏஎல்சி அனலாக்’.
மாட்ப்ரோப்: ‘சவுண்ட்.கான்ஃப்’ என்று ஒரு கோப்பு. அதில் ஒரே வரி: ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-இன்டெல்-டிஎஸ்பிசிஎஃப்ஜி டிஎஸ்பி_டிரைவர்=1.

அந்தக் கோப்பின் தேதி, கடையில் லினக்ஸ் போட்ட தேதி.

ரிச்சிதெரு:

கிடைத்துவிட்டது. அந்த வரியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், முடிந்தது.

டெபியன்தாத்தா:

காரணம் அந்த வரிதான். ஆனால் அதைத் தொடும் முன் ஒரு கேள்வி. இந்த லேப்டாப்பில் வைஃபை வேலை செய்கிறதா?

என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய லேப்டாப்களில் மைக், ஸ்பீக்கர், ஹெட்போன் எல்லாமே ரியல்டெக் போன்ற ஒரு கோடெக் சிப்பில்தான் (ஒலியை எண்களாகவும், எண்களைத் திரும்ப ஒலியாகவும் மாற்றுவது) இணைந்திருக்கும். இன்டெல் 2004இல் கொண்டுவந்த எச்டி ஆடியோ முறை அது. அண்மைக்கால இன்டெல் லேப்டாப் பலவற்றில் ஸ்பீக்கரும் ஹெட்செட் ஜாக்கும் இன்னும் அந்தக் கோடெக்கில்தான். திரைக்கு மேலே ஊசித்துளையாகத் தெரியும் உள் மைக் மட்டும் டிஜிட்டல் மைக். அதன் கம்பி கோடெக்குக்குப் போவதில்லை, இன்டெல் சிப்புக்குள் ஒலிக்கென்றே இருக்கும் டிஎஸ்பி என்ற தனிச் செயலிக்கு நேராகப் போகிறது. ‘டிஎஸ்பி_டிரைவர்=1’ என்றால் ‘டிஎஸ்பி பக்கமே போகாதே, பழைய டிரைவரை எடு’ என்று அர்த்தம். பழைய டிரைவருக்குக் கோடெக் மட்டும்தான் தெரியும். அதனால் ஸ்பீக்கர் வருகிறது, ஹெட்செட் மைக் வருகிறது, உள் மைக் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. மைக் பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு.

மாம்பலத்தான்:

உங்கள் பதிலைப் பார்க்கும் முன்பே ரிச்சிதெரு அண்ணா சொன்னபடி வரியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். இப்போது ஸ்பீக்கரும் போய்விட்டது! அவுட்புட்டில் ‘டம்மி அவுட்புட்’ என்று காட்டுகிறது. சாயங்காலம் அம்மாவுக்கு வகுப்பு இருக்கிறது.

வைஃபை வாங்கிய நாளிலிருந்தே வரவில்லை. லேன் கேபிள்தான்.

ரிச்சிதெரு:

பதற வேண்டாம். அந்த வரியைத் திரும்பப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஹெட்செட் மாட்டிக்கொண்டு இன்றைய வகுப்பை முடியுங்கள்.

டெபியன்தாத்தா:

டம்மி அவுட்புட் என்றால் பைப்வயர் ஓடுகிறது, ஆனால் அதற்குக் கீழே ஒரு ஒலிக்கருவியும் கிடைக்கவில்லை என்று பொருள். கெர்னல் இதைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கும். சூடோவுடன் ‘டிமெசேஜ்’ (தட்டும்போது டி-எம்-இ-எஸ்-ஜி) கொடுத்து அதில் ‘சோஃப்’ என்று தேடுங்கள். ஃபர்ம்வேர் கோப்பைக் காணோம் என்று ஒரு பிழை இருக்கும் பாருங்கள்.

வைஃபை ஓடாததும் மைக் தெரியாததும் ஒரே வியாதி. இன்டெல் டிஎஸ்பிக்கு சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக சோஃப், வேண்டும். இன்டெல் வைஃபைக்கு ஐடபிள்யூஎல்வைஃபை ஃபர்ம்வேர் வேண்டும். டெபியன் 11இன் வழக்கமான நிறுவல் வட்டில் இரண்டுமே கிடையாது, கட்டற்ற மென்பொருள் அல்லாதவற்றை வைக்கும் நான்-ஃப்ரீ பகுதியைத் தனியாகத் திறந்து எடுக்க வேண்டும். அப்படி எடுக்காமல் நிறுவினால் உங்களுக்கு இப்போது வந்த அதே டம்மி அவுட்புட்தான் அன்றைக்கும் வந்திருக்கும். ஃபர்ம்வேரைப் போடுவதற்குப் பதில் இந்த வரியைப் போட்டு ஸ்பீக்கரை மட்டும் பேச வைத்திருக்கிறார்கள்.

12இல் ஒரு மாற்றம் உண்டு. 2023 ஜூனில் வந்த அந்தப் பதிப்பில் ஃபர்ம்வேர்களுக்கென்று ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பகுதி பிரித்தார்கள். புதிதாக நிறுவுகிறவர்களுக்கு அது தானாக வருகிறது. 11இலிருந்து ஏற்றியவர்கள் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் தாங்களே சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பில் ‘மெயின்’ என்று முடியும் வரிகளின் கடைசியில் ஒரு இடம் விட்டு நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் சேருங்கள். ஏப்ட் அப்டேட் செய்துவிட்டு ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்ட், ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை இரண்டையும் நிறுவுங்கள். சவுண்ட்.கான்ஃப் வரியை எடுங்கள். பிறகு ரீஸ்டார்ட் வேண்டாம், முழுசாக ஷட்டவுன் செய்து திரும்பப் போடுங்கள். கோடெக் சில நேரம் முந்தைய டிரைவர் விட்டுப்போன நிலையிலேயே நிற்கும், மின்சாரம் நின்றால்தான் தெளியும். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ‘விண்டோஸிலிருந்து வந்தால் மட்டும் ஹெட்போன் ஊமை’ என்ற தொல்லை வருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

கேள்விக்குறி:

குறுக்கே ஒரு சந்தேகம். பேரிலேயே ‘ஓப்பன்’ இருக்கிறது, பிறகு ஏன் நான்-ஃப்ரீயில் வைத்திருக்கிறார்கள்?

டெபியன்தாத்தா:

நல்ல கேள்வி. மூலநிரல் திறந்ததுதான், 2018இல் இன்டெல் அறிவித்த திட்டம். ஆனால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான லேப்டாப்களில், இன்டெல்லின் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை டிஎஸ்பி ஏற்காது. நீங்களே மூலத்திலிருந்து தொகுத்தாலும் அதை ஏற்ற முடியாது. பொதியின் பெயரில் ‘சைன்ட்’ இருப்பது அதனால்தான். திறந்த மூலம் என்று சொல்லிவிட்டுச் சாவியை மட்டும் தன் இடுப்பில் முடிந்து வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் மைக் வேண்டுமே.

மாம்பலத்தான்:

வந்துவிட்டது!! டிமெசேஜில் நீங்கள் சொன்ன அதே பிழை இருந்தது. இரண்டு பொதியையும் போட்டு, ஷட்டவுன் செய்து போட்டேன். ஏரெகார்டில் இப்போது சோஃப்-எச்டிஏ-டிஎஸ்பி என்று கார்டு, அதற்குள் டிமைக் என்று தனியாக வருகிறது. ஸ்பீக்கர் வந்தது, வைஃபையும் வந்துவிட்டது. கூடத்தின் குறுக்கே கிடந்த லேன் கேபிளைச் சுற்றி வைத்துவிட்டு அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

மைக் சத்தம் மட்டும் கொஞ்சம் சன்னமாக இருக்கிறது.

ரிச்சிதெரு:

டெர்மினலில் ஆல்சாமிக்ஸர் திறங்கள். முதலில் எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டு டீஃபால்ட் பக்கத்தையே ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார்கள் பலர். எஃப்4இல் கேப்சர் பக்கம் வரும், அங்கே டிமைக் என்று இருப்பதை ஏற்றுங்கள். ரொம்பவும் ஏற்றினால் மின்விசிறி இரைச்சலும் சேர்ந்து ஏறும். இன்னொரு பக்கம் ஏதாவது கட்டத்தின் கீழே ‘எம்எம்’ என்று இருந்தால் அது மியூட், எம் எழுத்தை அழுத்தினால் திறக்கும்.

உப்புக்காற்று:

இங்கேயே கேட்டுவிடுகிறேன். நான் பெசன்ட் நகர். எனக்கு இதற்கு நேரெதிர்: மைக் வருகிறது, லேப்டாப் ஸ்பீக்கர் ஊமை. ஹெட்போன் மாட்டினால் கேட்கிறது. ஃபர்ம்வேர், டிரைவர் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

ரிச்சிதெரு:

பாவுகண்ட்ரோல் என்ற ஒலி அமைப்பு நிரலைப் போட்டு அவுட்புட் டிவைசஸ் பாருங்கள். ஒன்றுமே மாட்டாதபோதும் ஹெட்போன் பக்கத்தில் ‘ப்ளக்டு இன்’ என்று காட்டுகிறதா?

உப்புக்காற்று:

ஆமாம்! ஒன்றும் மாட்டவில்லை, ஆனாலும் ப்ளக்டு இன்.

ரிச்சிதெரு:

ஜாக்குக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, பின் உள்ளே போனதும் நிலை மாறும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று பட்டு அது பச்சை பிடித்து அப்படியே நின்றுவிடும். கடைக்கு இப்படி வரும் லேப்டாப்பில் லினக்ஸைத் திட்டி லாபமில்லை. லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மெல்லிய பஞ்சுக் குச்சியால் உள்ளே துடைத்து, காயவிட்டு, ஹெட்போன் பின்னைச் சில தடவை போட்டு எடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் எச்டிஏஜாக்ரீடாஸ்க் என்று ஒரு கருவி, ஆல்சா-டூல்ஸ்-ஜியூஐ பொதியில் இருக்கிறது. அதில் அந்த ஜாக்கின் உணர்வை அணைத்து வைக்கலாம். அப்புறம் ஹெட்போனுக்கு நீங்களேதான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாம்பலத்தான்:

மறுபடி நான்தான். மைக் எல்லாம் சரி, ஆனால் நேற்று வகுப்பில் ஒரு விநோதம். எலக்ட்ரானிக் தம்பூராவை அம்மா பக்கத்தில் ஓடவிட்டிருந்தார். அந்தப் பக்கம் இருக்கிற பெண், ‘ஆன்ட்டி, தம்பூரா முதலில் கேட்டது, அப்புறம் கேட்கவே இல்லை’ என்கிறாள். வீணையிலும் மீட்டிய நாதம் பாதியில் அறுந்துபோகிறதாம். நான் இங்கே ஏரெகார்டில் பதிவு செய்து கேட்டால் தம்பூரா கடைசி வரை தெளிவாக இருக்கிறது.

தம்பூராக்காரி:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், நானும் ஆன்லைனில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள்.

உங்கள் பதிவில் சரியாக இருக்கிறது என்றால் லினக்ஸ் வேலை முடிந்தது, தாத்தா சொன்ன உச்சிப் படிக்கு வந்துவிட்டீர்கள். வீடியோ கால் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் ஒரே சீராக வரும் ஒலி எதுவானாலும் அது மின்விசிறி அல்லது ஏசி இரைச்சல் என்று முடிவு கட்டி அழித்துவிடும். தம்பூராவின் வேலையே மாறாமல் ஒலிப்பதுதானே! வீணையின் நீண்ட நாதத்துக்கும் அதே கதி. கமகம் ஓடும் இடம் தப்பிக்கும், கார்வை நிற்கும் இடத்தில் கத்தரி விழும்.

ஜூம் என்றால் ஆடியோ அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று உண்டு. அதைத் திறந்துவிட்டு, வகுப்பு தொடங்கியதும் திரையிலும் அதை ஆன் செய்யுங்கள். பிரவுசர் வழியாக நடக்கும் மற்ற செயலிகளில் நாய்ஸ் சப்ரெஷன் என்பதைத் தேடி அணையுங்கள். எக்கோ கேன்சலேஷனையும் சேர்த்து அணைத்தால் அம்மா ஹெட்போன் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மாணவியின் குரல் ஸ்பீக்கர் வழியாக மைக்குக்குள் போய் அவளுக்கே திரும்பக் கேட்கும்.

அந்த ஹெட்போன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக்கைத் தொட்டவுடன் அது பாட்டுக்கான ஏ2டிபியிலிருந்து போன் பேச்சுக்கான எச்எஃப்பிக்கு இறங்கிவிடும். அங்கே மாதிரி வீதம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான் வழக்கம். வீணை டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

மாம்பலத்தான்:

மேடம், ஒரிஜினல் சவுண்ட் போட்டதும் தம்பூரா நின்று கேட்கிறதாம். ரொம்ப நன்றி.

அம்மா இப்போது அடுத்த கேள்விக்கு வந்துவிட்டார். வீணையில் ஒட்டுகிற பீசோ பிக்கப் ஒன்று இருக்கிறது, மார்கழிக் கச்சேரிக்கு வைத்துக்கொள்வது. அதை நேராக லேப்டாப்பில் மாட்டலாமா? ஒரு மலிவு யுஎஸ்பி சவுண்ட் கார்டில் மாட்டிப் பார்த்தேன். ஒலி தகரம் தட்டுவது மாதிரி, கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல்.

ரிச்சிதெரு:

தகரச் சத்தத்துக்கும் ‘ம்ம்ம்’முக்கும் காரணம் வேறு வேறு.

பீசோ பிக்கப்புக்கு மிக அதிக மின்மறுப்பு உள்ள உள்ளீடு வேண்டும், 1 மெகாஓம் அளவுக்கு. அந்த மலிவு கார்டின் மைக் துளை சில கிலோஓம்தான், அதோடு எலக்ட்ரெட் மைக்குக்காக ஒரு சின்ன மின்னழுத்தமும் அனுப்பும். பீசோவை அதில் மாட்டினால் கீழ் ஸ்தாயி முழுக்க வடிந்துபோய் மேல் கிணுகிணுப்பு மட்டும் மிஞ்சும். மந்திர ஸ்தாயி இல்லாத வீணையை யார் கேட்பது? ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை-ஸீ’ என்று குறித்த துளை உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள், அல்லது நடுவில் ஒரு பீசோ ப்ரீஆம்ப் வையுங்கள். எங்கள் ரிச்சி தெருக் கடைகளில் வாங்குவதானால் ‘யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் கம்ப்ளயன்டா’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆம் என்றால் தனி டிரைவர் வேண்டாம், கெர்னலில் இருக்கும் எஸ்என்டி-யுஎஸ்பி-ஆடியோவே எடுத்துக்கொள்ளும். டிரைவர் சிடி போட்டால்தான் ஓடும் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

‘ம்ம்ம்’ சத்தத்துக்கு: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சார்ஜர் வழியாகக் கசிவது. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா?

மாம்பலத்தான்:

பேட்டரியில் நின்றுவிட்டது. சுருசுருவும் உண்டு, அதை இத்தனை நாள் கண்டுகொள்ளவில்லை.

டெபியன்தாத்தா:

அப்படியானால் அந்த பிளக் பாயின்டில் எர்த் இல்லை. நம் பக்கம் பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், மேல் துளைக்குக் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இது சத்தத்துக்காக மட்டும் சொல்வதல்ல, ஃபிரிட்ஜும் கிரைண்டரும் அதே வீட்டில்தானே இருக்கின்றன. அதுவரை வகுப்பு பேட்டரியில் நடக்கட்டும். எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்விக்குறி:

தாத்தா, அந்தக் காலத்தில் இதெல்லாம் இன்னும் கஷ்டமாக இருந்திருக்குமே?

டெபியன்தாத்தா:

வேறு மாதிரிக் கஷ்டம். சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டைக்கு போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று மனப்பாடம் செய்து வைத்திருப்போம். ஆல்சாவுக்கு முன்பிருந்த ஓஎஸ்எஸ் காலத்தில் ஒரு நிரல் கருவியைத் திறந்துவிட்டால் இன்னொன்று வாய் திறக்க முடியாது. 1998இல் யாரோஸ்லாவ் கிசெலா ஆல்சாவைத் தொடங்கினார், 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அது நிலைத்தது. பிறகு பல்ஸ்ஆடியோ, வந்த புதிதில் அதைத் திட்டாத ஆளே இல்லை. இப்போது விம் டேமன்ஸின் பைப்வயர், ஃபெடோரா 2021லேயே அதற்கு மாறிவிட்டது. சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஐஐடிக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள், ஆளுக்கொரு சவுண்ட் கார்டு கதை வைத்திருப்பார்கள்.

மாம்பலத்தான்:

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். எர்த் கம்பி சுவிட்ச் பெட்டி வரை வந்து அங்கேயே சும்மா நின்றிருக்கிறது. இணைத்ததும் சுருசுரு போய்விட்டது, ‘ம்ம்ம்’மும் போய்விட்டது. இன்டர்ஃபேஸ் வாங்க அடுத்த வாரம் ரிச்சி தெரு வருகிறேன்.

கடைசியாக ஒன்று. அம்மாவும் மாணவியும் சேர்ந்து வாசித்தால் தாளம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. பைப்வயரில் லேட்டன்சி, அதாவது ஒலித் தாமதம், குறைத்தால் சரியாகுமா?

தம்பூராக்காரி:

ஆகாது. பைப்வயரின் இயல்பு நிலையில் ஒரு கட்டுக்கு 1024 ஒலி மாதிரிகள் (சாம்பிள்கள்), 48 கிலோஹெர்ட்ஸில் அது 21 மில்லி விநாடி. 256 ஆக்கினால் ஐந்து சொச்சம். இங்கே மிச்சம் பிடிப்பது அவ்வளவுதான். மாணவி எங்கே இருக்கிறாள்?

மாம்பலத்தான்:

நியூஜெர்சி.

தம்பூராக்காரி:

13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கேபிளை நேர்கோட்டில் போட்டாலே ஒரு பக்கத்துக்கு 65 மில்லி விநாடி, போய்த் திரும்ப 130. நிஜத்தில் அதைவிட அதிகம். துரித காலத்தில் அதற்குள் அட்சரம் தாண்டிவிடும். அம்மா வாசித்து நிறுத்தட்டும், அவள் மைக்கைத் திறந்து திருப்பி வாசிக்கட்டும். சேர்ந்து வாசிக்க வேண்டிய பாடத்துக்கு அம்மா வாசித்ததைப் பதிவு செய்து அனுப்பிவிடுங்கள், அவள் அதைப் போட்டுக்கொண்டு கூடவே வாசிப்பாள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

புதியவன்_பெரம்பூர்:

எனக்கும் ஒரு சவுண்ட் பிரச்சினை. டெஸ்க்டாப், எச்டிஎம்ஐ மானிட்டர். பாட்டு தொடங்கும்போதெல்லாம் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

டெபியன்தாத்தா:

அது பவர் சேவ் சமாச்சாரமாக இருக்கலாம், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தனி இழை திறங்கள். திறக்கும்போது ஆல்சா-இன்ஃபோ ஸ்கிரிப்ட்டை ஓட்டி, அது தரும் வெளியீட்டை முழுசாக ஒட்டுங்கள்.